பருப்பு வேகவில்லை, எனக்கு மதிப்பெண் போடத் தெரியவில்லை

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். ஏற்காட்டில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளின் அறிவியல் எழுத்தறிவை, அதாவது அறிவியலை அன்றாட வாழ்வில் பொருத்தி யோசிக்கும் திறனை, அளக்க ஒரு சிறு தேர்வு வைத்தேன். மனப்பாடத்தை அளக்க வேறு தேர்வுகள் ஏராளம் இருக்கின்றனவே!

“சேலத்தில் சீக்கிரம் வேகும் பருப்பு, மூடாத பாத்திரத்தில் இங்கே ஏன் தாமதிக்கிறது?” என்பது கேள்வி. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. ஏறக்குறைய 95 டிகிரி செல்சியஸிலேயே தண்ணீர் கொதித்துவிடுகிறது; அதற்கு மேல் சூடேறாததால் பருப்பு வேக நேரமாகிறது. இதுதான் விடை. பாதிப் பேர் “நீரின் கொதிநிலை 100” என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும், “இங்கே விறகு ஈரம். இரண்டு ஊரிலும் ஒரே அடுப்பில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்” என்று எழுதியிருக்கிறாள். விடை தவறு, யோசனை அசல் அறிவியல். இதற்கு எத்தனை மதிப்பெண்?

2009 சுற்றில் தமிழகமும் பங்கேற்ற, 15 வயது மாணவர்களுக்கான பன்னாட்டுத் தேர்வான பீசாவில் (PISA), சோதனையை வடிவமைக்கும் திறனையும் அறிவியல் திறனாகவே கொள்கிறார்கள். அதுபோல் பகுதி மதிப்பெண் தரும் அட்டவணை தமிழில் யாரிடமாவது இருக்கிறதா? மிளகு, காபித் தோட்டத்தை வைத்துக் கேள்விகள் இருந்தாலும் அனுப்புங்கள். திங்கட்கிழமை விடைத்தாள் கொடுக்க வேண்டும். அவள் தினமும் கேட்கிறாள்.