பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் – இசையமைப்பாளர் ஆரன் டெஸ்னர் கூட்டணி: உங்களுக்கு மறக்காத ஒரு தருணம்?

மழைத்தூறல்
2020 ஜூலை 24, காலை ஒன்பதரை. ஊரடங்கு. ஸ்விஃப்டின் 'ஃபோக்லோர்' ஆல்பம் வந்ததுமே ஹால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். அதில் 'கார்டிகன்' பாட்டு ஓடும்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "குதிச்சு குதிச்சுப் பாடுமே, அந்தப் பொண்ணுதானே? உடம்பு கிடம்பு சரியில்லையா?" சிரித்துச் சமாளித்தேன். ஆனால் சரியான கேள்வி. அந்தப் பாட்டு, டெஸ்னர் 'மேப்பிள்' என்று பேர் வைத்து அனுப்பிய மெட்டு. அதற்கு ஸ்விஃப்ட் சில மணி நேரத்தில் வரி எழுதிப் பாடித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்தப் பியானோவுக்கு மேல் கத்திப் பாட இடமே இல்லை. அம்மாவுக்கு இதை இன்னும் சொல்லவில்லை.

மேல்வரிசை சீட்
எல்லாரும் டெஸ்னர் டெஸ்னர் என்றே பேசுங்கள். ஆல்பத்தின் 16 பாட்டில் 11 அவரோடு செய்தது, சரி. 'ஆகஸ்ட்' யாரோடு? ஆல்பத்தின் இன்னொரு தயாரிப்பாளர் ஜாக் ஆன்டனாஃப். சிங்கப்பூரில் ஸ்விஃப்ட் கச்சேரி, 2024 மார்ச். டிக்கெட் விலையை வீட்டில் பாதியாகச் சொல்லிவிட்டுப் போனேன். மேடையில் பாசி படர்ந்த குடிசை, எனக்குத் தெரிந்தது கட்டைவிரல் நகம் அளவு. 'ஆகஸ்ட்' பாதியில், பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும் "சாரி தம்பி" என்றார். அதுவரை நான் வாயே திறக்கவில்லை. தமிழ்க்காரன் என்று எப்படிக் கண்டுபிடித்தார்?

கோவை கீபோர்டு
ஜாக்கா ஆரனா என்று சண்டை எதற்கு? நானும் நண்பனும் அவர்களைப் பார்த்து ஃபைல் அனுப்பிப் பாட்டுப் போட முயன்றோம், ஊற்றிக்கொண்டது. யாராவது இறங்கினால் சொல்கிறேன். மெட்டோடு ஸ்கேல், வேகம் இரண்டையும் எழுதி அனுப்புங்கள். கிளிக் (தாளம் தட்டும் மெட்ரோனோம் சத்தம்) வைத்து வாசியுங்கள், இல்லாவிட்டால் குரல் ஒட்டாது. எல்லா இடத்தையும் வாத்தியத்தால் அடைக்காதீர்கள், பாடுகிறவர் மூச்சு விட வேண்டாமா? எம்பி3 வேண்டாம், ஒலித்தரம் குறையாத வேவ் (WAV) ஃபைலாக அனுப்புங்கள். பேர் வைக்காத ஃபைலை ஒரு வாரத்தில் நீங்களே கண்டுபிடிக்க மாட்டீர்கள். அப்புறம், வரி எழுதுகிறவரிடம் தினமும் "ஆச்சா?" என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன்.

பழைய கிதார்
கோவை அண்ணா, யாரும் பாடம் கேட்கவில்லையே! ஆனால் அந்தக் கடைசி வரி சுட்டது. என் விஷயம் தலைகீழ். 2020 மே மாதம் காலேஜ் நண்பன் ஒரு மெட்டு அனுப்பி, "வரி போடுடா" என்றான். அப்புறம் கேட்கவே இல்லை, நானும் திறக்கவில்லை. அந்த நவம்பரில் 'ஃபோக்லோர்' பாட்டுகளை அவர்கள் வாசித்துக் காட்டும் லாங் பாண்ட் ஸ்டுடியோ படம் வந்தது. ஸ்விஃப்ட், டெஸ்னர், ஆன்டனாஃப் மூவரும் ஒரே அறையில் உட்கார்வது அதுதான் முதல் தடவை என்று அதில் வந்ததுமே போனை எடுத்தேன். மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி என்று நீளம் மட்டும் காட்டியது. தொட்டால், ஃபைல் இல்லையாம், அனுப்பியவரிடம் மறுபடி கேட்கச் சொன்னது.

கேட்கவில்லை. அவனுக்குப் போன மாதம் குழந்தை பிறந்திருக்கிறது. வாழ்த்துச் சொல்கிற சாக்கில் கேட்கலாமா?