பொருள்: பிளாட்டினத்துக்கு ஏறுவது நஞ்சா, மறியலா?

கோபியிலிருந்து:

எத்தனால் எரிபொருள் மின்கலக் கட்டுரைக்கு ஒரு சொல் வேண்டுமுங்க. அதில் வினையூக்கியாக இருக்கும் பிளாட்டினத்தின் மேல் கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்துவதை ‘நச்சேற்றம்’ என்றே எழுதி வருகிறோம். எனக்கு அது உறுத்துகிறது. இங்கே உலோகம் சாவதில்லை. மின்னழுத்தத்தை ஏற்றினால் மோனாக்சைடு டைஆக்சைடாகிக் கிளம்பிவிடும், பிளாட்டினம் பழையபடி வேலை செய்யும்.

நடப்பது சாலை மறியல். நாலு பேர் நடுரோட்டில் உட்கார்ந்தால் பஸ் நகராது. எழுப்பிவிட்டால் ரோடு அதே ரோடுதான். ஆகவே ‘மறியல்’. செய்வது ‘மறிபொருள்’, பொறுத்துக்கொள்ளும் தன்மை ‘மறியல் தாங்குதிறன்’.

பெருந்துறையிலிருந்து:

> நடப்பது சாலை மறியல்.

உவமை நல்லா இருக்குதுங்க. சொல்லாக நிற்குமா என்பதுதான் கேள்வி. இலங்கைத் தமிழர் ‘விளக்கமறியல்’ என்றால் காவலில் வைப்பதைச் சொல்வார்கள். அது போகட்டும், ஒரு சொல்லுக்கு இரண்டு வாழ்க்கை இருக்கலாம்.

நஞ்சை ஒரேயடியாகத் தூக்கிப் போடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. சர்க்கரை ஆலைகளில் கரும்புச்சாற்றைக் கந்தகப் புகை விட்டு வெளுக்கிறார்கள்; வெல்லக் கொப்பரையில் ஹைட்ராஸ் என்னும் கந்தக வெளுப்புப்பொருளைத் தூவுகிறவர்களும் உண்டு. கழிவுப்பாகில் வடித்த எத்தனாலைச் சரியாகச் சுத்திகரிக்காமல் மின்கலத்தில் விட்டால் கந்தகமும் கூட வரலாம். அது பிளாட்டினத்தில் உட்கார்ந்தால் லேசில் எழாது. 1 வோல்ட்டுக்கு மேல் பலமுறை ஏற்றி இறக்கித்தான் விரட்ட வேண்டும். அதற்குள் தாங்கியாக இருக்கும் கரி அரிக்கத் தொடங்கும், பிளாட்டினமே கரையும். மருந்தே ஆளைச் சாய்க்கிற இடத்தில் ‘நஞ்சு’ சரியான சொல்தானே?

மோனாக்சைடுக்கு ‘அடைப்பு’ என்று சுளுவாகச் சொல்லிவிட்டுப் போகலாமே.

கோவையிலிருந்து:

அடைப்பு வேண்டாங்க ஐயா. அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. மின்வாயில் பூசும் வினையூக்கி மை கலக்கும்போது நாஃபியான் என்னும் அயனி கடத்தும் பாலிமரைத் தாராளமாக விட்டால் அது துளைகளை மூடிக்கொள்ளும். மின்கலம் ஓடும்போது தண்ணீர் தேங்கினாலும் துளை மூடும். இரண்டுமே அடைப்பு. மறியல் அணுவளவில் நடப்பது: பிளாட்டினப் பரப்பின் செயலிடங்களில் ஆள் உட்காருவது.

சொல் தேறுமா என்று பார்க்க அதைச் செய்முறைக்குள் இறக்கிப் பார்ப்போம்:

“0.5 மோலார் கந்தக அமிலத்தில் நைட்ரஜனை விட்டுக் கரைந்த ஆக்சிஜனை வெளியேற்றுக. மீள்ஹைட்ரஜன் மின்வாயை ஒப்பிட்டு 0.1 வோல்ட்டில் மின்வாயை நிறுத்தி, 15 நிமிடம் கார்பன் மோனாக்சைடைக் குமிழவிட்டு மறியல் ஏற்றுக. புகைபோக்கிக் கூண்டுக்குள்ளேயே செய்க. மின்னழுத்தத்தை மாற்றாமல் 30 நிமிடம் நைட்ரஜன் விட்டபின் நொடிக்கு 20 மில்லிவோல்ட் வீதம் ஏற்றி இறக்கி இரு சுற்று ஓட்டுக. முதல் சுற்றில் மின்னோட்ட வரைபடத்தின் ஹைட்ரஜன் முகடுகள் (ஹைட்ரஜன் பிளாட்டினத்தில் ஒட்டி விலகுவதைக் காட்டுபவை) அடங்கியிருக்கும்; 0.8 வோல்ட்டை ஒட்டி எழும் கூர்முகடே மறியல் நீக்கம். இரண்டாம் சுற்றில் ஹைட்ரஜன் முகடுகள் திரும்பியிருக்க வேண்டும்.”

உறுத்தாமல் படிக்க முடிகிறது. இரண்டாம் சுற்றிலும் அந்த முகடு தலைகாட்டினால் நைட்ரஜன் போதவில்லை, கரைசலில் மோனாக்சைடு மிச்சம் இருக்கிறது என்று பொருள். முகட்டின் மின்னூட்டத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு 420 மைக்ரோகூலும் என்ற கணக்கில் வகுத்தால் செயல்பரப்பு கிடைக்கும். கந்தகம் ஏறிய மின்வாயில் ஒரே சுற்றில் இப்படிப் பரப்பு மீளாது. நஞ்சு, மறியல் இரண்டையும் பிரிக்கும் கோடு இதுதான்.

ஒன்று மட்டும்: உவமையை நீட்டி வெள்ளீயத்தைப் போலீஸ் ஆக்கிவிடாதீர்கள். பிளாட்டினத்தோடு வெள்ளீயம் சேர்த்தால் அது தாழ்ந்த மின்னழுத்தத்திலேயே தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் பிடித்துக் கொடுக்கும், மறியல் சீக்கிரம் கலையும், மின்னோட்டமும் கூடும். உண்மைதான். ஆனால் எத்தனாலின் இரு கார்பன்களுக்கு இடையிலான பிணைப்பை அது வெட்டுவதில்லை. வினை பெரும்பாலும் அசிட்டால்டிஹைடிலோ அசிட்டிக் அமிலத்திலோ நின்றுவிடும். ஒரு மூலக்கூறுக்கு 12 எலக்ட்ரான் வர வேண்டிய இடத்தில் 2 அல்லது 4தான் வரும். பிணைப்பை வெட்ட ரோடியம் மாதிரி இன்னொன்று கூட வேண்டும். கூடிய மின்னோட்டத்தைப் பார்த்து ‘மறியல் தாங்குதிறன் உயர்ந்தது, ஆகவே எரிதல் முழுமை’ என்று எழுதினால் தப்பு.

கோபியிலிருந்து:

ஒத்துக்கொள்கிறேனுங்க. அகராதிப் பதிவு இப்படி இருக்கட்டும்:

மறியல்: வினையூக்கியின் செயலிடங்களை ஒரு பொருள் பற்றி மறிப்பது, அது நீங்கியதும் செயல் மீளும். நச்சேற்றம்: வினையூக்கியைச் சேதப்படுத்தாமல் மீட்க முடியாத செயலிழப்பு.

குளோரைடை எந்தப் பக்கம் வைப்பது? வெள்ளி-வெள்ளி குளோரைடு ஒப்புமின்வாயிலிருந்து கசிந்து வந்தால் இடத்தைப் பிடிக்கிறது. கரைசலை மாற்றினால் போகிறது, அதுவரை மறியல். மின்னழுத்தம் உயர்ந்தாலோ பிளாட்டினத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகிறது. பெருந்துறை ஐயாதான் சொல்லோணும்.