புதுப்பிப்பு: ஊழியக் குழுவில் இருந்த என் தங்கை

வியாசர்பாடியில் ஒரு மிஷனரி குழுவில் முழுநேர ஊழியத்திற்குச் சேர்ந்த என் தங்கை, தலைவரின் அனுமதியின்றி வீட்டிற்கு வரவோ போனில் பேசவோ முடியாத நிலையில் இருப்பதாக முன்பு எழுதியிருந்தேன். இப்போது அவள் தண்டையார்பேட்டையில் எங்களுடன் இருக்கிறாள்.

எங்கள் பழைய சபையின் ஆயர் அவளிடம் வாதாடவில்லை. வேதாகமத்தின் 105ஆம் சங்கீதத்தை முழுமையாக வாசிக்கச் சொன்னார். அபிஷேகம் பண்ணப்பட்டவர்களை, அதாவது தேவன் தெரிந்துகொண்டவர்களை, தொடக்கூடாது என்று அக்குழுவினர் ஓயாமல் மேற்கோள் காட்டிய 15ஆம் வசனம், அந்நிய நாடுகளில் அலைந்த ஆபிரகாம் முதலிய முற்பிதாக்களை ராஜாக்களிடமிருந்து காப்பதற்காகச் சொல்லப்பட்டதே தவிர, தலைவரிடம் காணிக்கைக் கணக்குக் கேட்பவரின் வாயை அடைப்பதற்காக அல்ல என்பதை அவளே கண்டுகொண்டாள். அப்போஸ்தலனாகிய பவுலின் போதனையையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலருடைய நடபடிகள் 17:11 பாராட்டத்தானே செய்கிறது?

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோயன்று. 1970களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், திருமணத்திற்கும் வேலைக்கும்கூட மேய்ப்பரின் சம்மதத்தை எதிர்பார்க்க வைத்த ஓர் இயக்கம் வளர்ந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான பாப் மம்ஃபோர்டு பிற்காலத்தில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

தங்கையின் அசல் சான்றிதழ்கள் இன்னும் குழுவிடமே உள்ளன. பதிவுத் தபாலில் கேட்டிருக்கிறோம். மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் அளிப்போம். வெளியேறினால் சாபம் பிடிக்கும் என்ற மிரட்டலின் அச்சம் மட்டும் அவளை இன்னும் விடவில்லை. அதற்காக மனநல ஆலோசகரிடம் சென்றுவருகிறாள்.