பழைய கரி கெட்டில் கிரில்: உள்ளே உரியுது, கீழ் வென்ட் அசையல. பவுடர் கோட்டிங் போடலாமா?

வைகைக்கரை:
கொடைக்கானல் பங்களா ஒண்ணுல கிடந்த பழைய வெபர் கெட்டில் (மூடி போட்ட உருண்டைக் கரியடுப்பு), 57 செ.மீ., கறுப்பு. இப்போ திருநகர்ல மொட்டை மாடியில இருக்கு. மூடிக்கு உள்பக்கம் செதில் செதிலா உரியுது. கிண்ணத்துக்கு அடியில மூணு வென்ட் (காத்து போற ஓட்டை), அதை மூடித் திறக்குற மூணு தகடும் இறுகிப்போச்சு. வெளியே ரெண்டு இடத்துல பூச்சு தெறிச்சுத் துரு ஏறியிருக்கு. சமைக்கிற கம்பித்தட்டு துருவுல அத்துப்போச்சு, மரக் கைப்பிடி வெடிப்பு. கப்பலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில, மணலைப் பீய்ச்சி அடிச்சுப் பழசை உரிச்சு, பவுடர் கோட்டிங் (பொடியாத் தெளிச்சு வேக வைக்கிற பூச்சு) போட்டுத் தர்றோம்ங்கிறாங்க. கொடுக்கலாமா?

புதூர் லேத்:
கொடுக்காதீங்க தம்பி. கெட்டில் மேல இருக்கிறது பெயின்ட் இல்ல, போர்சலின் எனாமல். இரும்புத் தகட்டு மேல கண்ணாடித் தூளைப் பூசி, 800 டிகிரி செல்சியஸ் பக்கம் சூளையில உருக்கிப் பிடிக்க வச்சது. பவுடர் கோட்டிங்கை வேக வைக்கிறதே 200 டிகிரி வாக்குலதான். கரி எரியுற கிண்ணம் அதைச் சுலபமாத் தாண்டும். கோட்டிங் கருகி, கொப்பளிச்சு, கறி மேலயே உதிரும். மணல் அடிச்சா மிச்சம் இருக்கிற நல்ல எனாமலும் போயிரும், அதை இங்க திரும்பப் போட்டுத் தர ஆள் கிடைக்கிறது கஷ்டம்.

உரியுற செதில் ஒண்ணை எடுத்து விரல்ல நசுக்கிப் பாருங்க. கரித்தூளாப் போச்சுன்னா அது கொழுப்பும் புகையும் சேர்ந்து இறுகின படிவு. பெரும்பாலும் அதான் இருக்கும். நசுங்காம, கூரா, பளபளன்னு இருந்தா மட்டும்தான் எனாமல்.

படிவை பழைய ஏடிஎம் கார்டால சுரண்டி எடுங்க. அப்புறம் 10 லிட்டர் வெந்நீர்ல 250 கிராம் சலவை சோடா கரைச்சு ஒரு மணி நேரம் ஊற விட்டு, தேங்காய் நாரால தேய்ங்க. அதுக்கும் அசையாத இடத்துல ஷேவிங் பிளேடைப் படுக்க வச்சு, தண்ணி விட்டுக்கிட்டே தள்ளணும். எமரித் தாளும் கிரைண்டர் கம்பி பிரஷும் கிட்டயே வரக்கூடாது, பளபளப்பு செத்துரும்.

கம்பிக்கூடு:
அண்ணன் சொன்ன சோடாத் தண்ணிக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. காந்தம் ஒண்ணை ஒவ்வொரு பாகத்துலயும் வச்சுப் பாருங்க. வென்ட் தகடு, சாம்பல் தட்டு, பழைய மாடலா இருந்தா கால் குழாய்கூட ஒட்டாது. அதெல்லாம் அலுமினியம். சலவை சோடாவே அதை அரிக்கும். காஸ்டிக் சோடா பட்டா நுரைச்சு ஹைட்ரஜன் வாயு வரும், தகடு கரைஞ்சே போகும். எல்லாத்தையும் கழட்டி வச்சு, பாத்திர சோப்பால மட்டும் கழுவுங்க.

வென்ட் இறுகினதும் இதே கதைதான். சாம்பல் காரமானது. மலை ஈரத்துல அது ஊறி அலுமினியத்தை அரிச்சு வெள்ளைப் பொடியா இறுகிருச்சு. வெந்நீர்த் துணியை ஒரு மணி நேரம் போட்டு வச்சு, பொடியைத் துடைச்சு, துரு இளக்குற எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விடுங்க. காலையில மரச் சுத்தியலால தகட்டு ஓரத்தைச் சுத்துற திசையில மெதுவாத் தட்டுங்க. ஸ்க்ரூடிரைவரைக் குடுத்து நெம்பினா ஓட்டையைச் சுத்தி எனாமல் தெறிக்கும்.

அதுக்கும் வரலைன்னா ரிவெட் தலையை 4 மி.மீ. பிட்டால மெதுவான வேகத்துல துளைச்சு எடுத்துட்டு, எம்5 (5 மி.மீ.) ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுங்க. நைலாக் நட் வேணாம், உள்ளே இருக்கிற நைலான் உருகிரும். சாதா நட்டு ரெண்டை ஒண்ணோட ஒண்ணு இறுக்கிப் பூட்டினாப் போதும். வென்ட்டுக்கு இவ்வளவு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. 1952ல சிகாகோ பக்கம் வெபர் உலோகப் பட்டறையில வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன் கடல் மிதவை செய்யுற கோளத்தை ரெண்டாக்கி இந்த அடுப்பைச் செஞ்சதே, மூடியும் காத்து வழியும் வச்சு நெருப்பை அடக்கத்தான். வென்ட் சரியா மூடலைன்னா இது வெறும் கரிச்சட்டி.

வைகைக்கரை:
கால்ல காந்தம் ஒட்டல. கழட்டிட்டேன், நன்றிண்ணே. கம்பித்தட்டுக்கு ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) வலை வெட்டிப் போடலாமா? வெளித் துருவுக்கு என்ன செய்ய?

புதூர் லேத்:
ஜிஐ வேணவே வேணாம். அதுல இருக்கிற துத்தநாகம் 420 டிகிரியில உருகும், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். 304 ரக ஸ்டெயின்லெஸ் 6 மி.மீ. ராடு, 12 மி.மீ. இடைவெளி விட்டு வெல்டிங் வைக்கச் சொல்லுங்க. கிண்ணத்து உள் தாங்கிகளுக்கு மேல விட்டத்தை அளந்து 5 மி.மீ. குறைச்சுக் குடுங்க. சரியா அளவுக்கே செஞ்சா சூட்டுல விரிஞ்சு மாட்டிக்கும். கரி போடுற தட்டுக்கு 8 மி.மீ. சாதா இரும்பே போதும், அது எப்படியும் தேயுற பொருள்.

வெளித் துருவை, துரு இருக்கிற புள்ளியில மட்டும் 220 நம்பர் எமரித் தாளால தேய்ச்சு, சைலன்சருக்கு அடிக்கிற சூடு தாங்குற பெயின்ட்டை சின்ன பிரஷால மெல்லிசா ரெண்டு கோட் வைங்க. உள்பக்கம் பெயின்ட் கூடாது. கடலை எண்ணெயைத் துணியால லேசாத் தடவி நெருப்புல வாட்டினாப் போதும்.

கைப்பிடிக்குத் தேக்கு நல்லது. வார்னிஷ் சூட்டுல விரிசல் விடும், அதனால ஆளி விதை எண்ணெய் மூணு தடவை, ஒவ்வொண்ணும் நல்லாக் காஞ்ச பிறகு. துடைச்ச துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானாச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணியில நனைச்சு விரிச்சுக் காயப் போடுங்க.

கரிமூட்டை:
பூட்டி முடிச்சதும் கரி போடுறதுக்கு முன்னாடி உள்ளே சாம்பிராணி போட்டு வென்ட் எல்லாத்தையும் மூடிப் பாருங்க. விளிம்புல ஒரே இடத்துல புகை கொட்டினா கிண்ணம் கோணியிருக்குன்னு அர்த்தம். நீள விட்டத்துல ரெண்டு கையாலயும் அழுத்தி வட்டத்துக்குக் கொண்டுவரலாம், ஆனா சுத்தியல் கூடாது.

முதல் நெருப்புக்கு ஒன்றரைக் கிலோ போதும். நம்ம பக்கம் கிடைக்கிறது கமுதி, முதுகுளத்தூர் சீமைக்கருவேலங்கரி, சூடு அதிகம். கிண்ணம் நிறையக் கொட்டி எல்லா வென்ட்டையும் திறந்து விட்டா தகடே சிவந்துரும். கரியை உடைச்சா உள்ளேயும் கறுப்பா இருக்கணும். பழுப்பா இருந்தா அரைவேக்காட்டுக் கரி, புகையாக் கக்கும். போர்ட்டிகோ, மூடின ஷெட்டுக்குள்ள வச்சு எரிக்காதீங்க, கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாது. சூடான மூடியில மழைத்தண்ணிகூடப் படக்கூடாது. எனாமலும் இரும்பும் வேற வேற அளவுக்குச் சுருங்குறதால பூச்சு தெறிச்சிரும்.