ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஊரணி வரத்துக்கால்

குழு: கீழ ஊரணித் தெரு

முத்து சென்னை: கிராம சபைக்கு நோட்டீஸ் ஒட்டிட்டாங்களா? ஊரணி விசயத்த இந்தத் தடவை விடக் கூடாது. மழை பேயுது, தெருவெல்லாம் ஓடுது, ஊரணிக்குள்ள மட்டும் இறங்க மாட்டேங்குது.

வள்ளி மேலத்தெரு: ஒட்டிட்டாங்கண்ணே. ஏழு நாள் முன்னாடி ஒட்டணும்கிற விதிப்படி சரியாத்தான் இருக்கு. ஆனா பொருள் பட்டியல்ல குடிநீர், சுகாதாரம்னு பொதுவா போட்டிருக்கு. ஊரணின்னு ஒரு வார்த்தை இல்ல.

வக்கீல் அண்ணன்: அப்ப இன்னைக்கே எழுத்து மூலமா மனு குடுக்கணும், ஒப்புகை வாங்கணும். 2025 ஜனவரி 5-ஓட தலைவர், வார்டு உறுப்பினர் பதவிக்காலம் முடிஞ்சிருச்சு. மனு போக வேண்டியது தனி அலுவலருக்கு, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. ஊராட்சி செயலர் கையில மட்டும் குடுத்துட்டு வந்தா அது அங்கேயே தங்கிரும்.

மேலவீட்டு ஆச்சி: எலக்சன் வைக்காம எத்தன நாளைக்குத் தம்பி இப்புடியே ஓட்டுவாக? மெம்பர்னு ஒருத்தர் இருந்தா விடியக்காலம் வாசல்ல போய்க் கேக்கலாம். ஆபீசர வாசல்ல போயி கேக்க முடியுமா?

வக்கீல் அண்ணன்: நியாயமான கேள்வி ஆச்சி. அரசியல் சாசனம் 243-E பிரிவுப்படி அஞ்சு வருசம் முடியிறதுக்குள்ள அடுத்த தேர்தல் முடிஞ்சிருக்கணும். 2016 அக்டோபர்ல முடிஞ்ச பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பர்லதான் தேர்தல் வந்துச்சு. அப்ப ஆண்டது ஒரு கட்சி, 2025-ல ஆண்டது வேற கட்சி, ரெண்டு பேருக்கும் வார்டு மறுவரையறைதான் காரணம். என்னால ஒத்துக்க முடியல. ஆனா ஒன்னு, தலைவர் போனாலும் சபை கலையாது. ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற எல்லாரும் அதுக்கு உறுப்பினர்.

முத்து சென்னை: அப்ப நான் 14-ஆம் தேதி ராத்திரி வண்டியில வந்துர்றேன். சிங்கப்பூர்ல இருந்து லீவுல வந்தவங்களையும் கூட்டிட்டு வரலாமா?

வக்கீல் அண்ணன்: வந்து உக்காருங்க தம்பி, சந்தோசம். ஆனா உங்க ஓட்டு சென்னையில. கோரம், அதாவது கூட்டம் செல்லுறதுக்கு வேண்டிய குறைஞ்ச ஆள் கணக்கு, அதுக்கு உங்க தலையை எண்ண முடியாது. மக்கள் தொகை 500 வரைக்கும்னா 50 பேர், 3,000 வரைக்கும் 100 பேர், 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300. நமக்கு 100 வேணும். பூட்டின வீடுதான் பாதி நம்ம தெருவுல. அதனால மேலத்தெரு, காலனி, வேளார் தெரு ஆளுக வந்தாத்தான் நெறையும். அவுங்களுக்கும் இதே ஊரணிதான்.

சர்வேயர் மாமா: பேச்சுக்கு முன்னாடி காகிதம். சிவகங்கை மாவட்டம், காரைக்குடி வட்டம், நம்ம கிராமம்னு போட்டு இணையத்துல அ-பதிவேடு எடுங்க, சர்வே நம்பர் வாரியா நில வகையும் பரப்பும் இருக்கிற கிராமப் பதிவேடு அது. காசு கிடையாது. அதுல ‘அரசு புறம்போக்கு – ஊரணி’ன்னு இருக்கணும். பரப்பு ஹெக்டேர், ஏர்ல வரும். 0.42.50ன்னு இருந்தா 42.5 ஏர். ஒரு ஏர் 2.47 செண்டு, ஆக 105 செண்டு. நிலத்தோட எல்லை வரைபடமான புலப்படமும் சேத்து எடுத்துக்கங்க.

சர்வேயர் மாமா: முக்கியமான எடம் இதுதான். ஊரணிக்குத் தண்ணி கொண்டு வர்ற கால்வாய், அதான் வரத்துக்கால், அதுக்குத் தனி சர்வே நம்பரோ உட்பிரிவோ இருக்கும். அத விட்டுட்டு ஊரணி நம்பர மட்டும் மனுவுல போட்டா, அளக்க வர்றவர் ஊரணிய மட்டும் அளந்து, ஆக்கிரமிப்பு இல்லைன்னு எழுதிட்டுப் போயிருவார். அவர் எழுதினதும் பொய்யில்ல. அடைச்சிருக்கிறது கால்லதானே.

டீச்சர் அக்கா: மாமா, எல்லாமே ஆக்கிரமிப்பா? தெக்க சிறுபாலத்துக்கிட்ட யாரும் ஒன்னும் கட்டலையே. அங்கயும் தண்ணி நிக்குது.

சர்வேயர் மாமா: நல்லாக் கேட்டம்மா. அங்க கோளாறு மட்டத்துல. பழைய ரோட்ட சுரண்டாம அதுக்கு மேலயே போட்டுப் போட்டு ரோடு உசந்துருச்சு. கடைசியாக் குழாய் மாத்தினப்ப ரோட்டு மட்டத்தப் பாத்து வச்சுட்டாங்க, கால்வாய்த் தரையப் பாக்கல. குழாயோட அடி தரைக்கு மேல நிக்குது. அந்த உசரத்துக்குத் தண்ணி தேங்குறதுக்குள்ள பள்ளம் பாத்துக் கிழக்க திரும்பிருது. ஒரு கொத்தனார வச்சு, தண்ணி நிரப்பின டியூப்ல மட்டம் புடிங்க. கால்வாய்த் தரை, குழாய் அடி, தண்ணி உள்ள இறங்குற ஊரணி வாய் மூனு எடத்துலயும் அளந்து வித்தியாசத்த சென்டிமீட்டர்ல எழுதுங்க. ‘தண்ணி வரல’ன்னு சொன்னா விவாதம் பண்ணுவாங்க. அளவு எழுதியிருந்தா பதில் சொல்லியாகணும்.

வள்ளி மேலத்தெரு: ஊரணியச் சுத்திப் புதுசாக் கட்டின தடுப்புச் சுவர்லயும் வடக்குப் பக்கம் வாய் விடலையே மாமா. பழைய செம்பராங்கல் சுவர்ல ரெண்டு வாய் இருந்துச்சு.

சர்வேயர் மாமா: அதையும் தீர்மானத்துல சேருங்க. வாய் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு வண்டல் தொட்டி கட்டாயம் வேணும், நீளம் அகலம் ஒன்றரை மீட்டர், ஆழம் ஒரு மீட்டர் போதும். தெருச் சாக்கடை இப்ப அதே கால்லதான் விழுது. அதப் பிரிக்காம வாயத் திறந்தா ஊரணி கெட்டுப் போகும், அப்புறம் ஆடு மாடு கூட வாய் வைக்காது.

டீச்சர் அக்கா: தீர்மானம் எழுதிப் பாத்திருக்கேன்:
“கீழ ஊரணிக்கு நீர் கொண்டு வரும் வரத்துக்கால் (சர்வே எண் ___, பரப்பு ___ ஏர்) முழுவதையும் நில அளவை செய்து எல்லைக்கல் நடவும், ஆக்கிரமிப்புகளை 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்றவும் வட்டாட்சியரைக் கோருவது, தெற்குச் சிறுபாலக் குழாயைக் கால்வாய்த் தரை மட்டத்துக்கு இறக்கவும், வடக்குச் சுவரில் நீர் வாய் அமைக்கவும் இவ்வாண்டு ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்ப்பது எனத் தீர்மானிக்கப்பட்டது.”

வக்கீல் அண்ணன்: அருமையா இருக்கு. ரெண்டு விசயம் சேருங்கம்மா. ‘அடுத்த கிராம சபையில் நடவடிக்கை அறிக்கை வைப்பது’ன்னு ஒரு வரி. அப்புறம், சாக்கடையைத் தனியாத் திருப்புறது. ‘ஆவன செய்ய வேண்டும்’னு எங்கயும் எழுத வேணாம். யார் செய்யணும், எப்பக்குள்ளன்னு இல்லாத தீர்மானத்துக்கு யாரும் பதில் சொல்ல மாட்டாங்க.

வக்கீல் அண்ணன்: தாலுகா ஆபீசுல நடக்கிற முறையும் தெரிஞ்சுக்கங்க. கிராம நிர்வாக அலுவலர் ‘பி மெமோ’ங்கிற ஆக்கிரமிப்பு அறிக்கை போடுவார். வட்டாட்சியர் 7-ஆவது பிரிவுல விளக்கம் கேட்டு நோட்டீஸ் விடுவார், அப்புறம் 6-ஆவது பிரிவுல வெளியேற்ற உத்தரவு. 7 விடாம நேரா இடிச்சா எதிர்த்தரப்பு ஐகோர்ட் மதுரை கிளையில தடை வாங்கிருவாங்க. அவசரப்பட்டு ஜேசிபி கூப்பிட வேணாம். பொது நீர்நிலையத் தனியாள் வச்சுக்க முடியாதுன்னு 2011-ல ஜக்பால் சிங் வழக்குல உச்ச நீதிமன்றமே சொல்லிருச்சு, சட்டம் நம்ம பக்கம் பலமா இருக்கு.

முத்து சென்னை: அண்ணே, அரசாங்கப் பணத்துக்குக் காத்திருக்கணுமா? புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவுன்னு போட்டா ஒரு வாரத்துல சேந்துரும். தூர் வாரிரலாம்.

வக்கீல் அண்ணன்: பணம் நல்ல விசயம், ஆனா தீர்மானத்துக்கு அப்புறம். ஊரணி ஊராட்சி வசம் இருக்கு. அனுமதியில்லாம மிஷின் இறக்கி மண் எடுத்தா கனிமத் திருட்டுன்னு வழக்கு வரும். ஊர்ப் பங்கு போடணும்னா நமக்கு நாமே திட்டத்துல கலெக்டர் மூலமாப் போடுங்க, அரசுப் பங்கும் சேரும். பணம் குடுக்கிறவுக பேரு கல்லுல வரணும்கிற பேச்சு மட்டும் வேணாம். மேலத்தெரு, காலனி ஆளுக ஒதுங்கிருவாங்க.

சர்வேயர் மாமா: வண்டல் எடுக்க விவசாயிகளுக்கு இலவச அனுமதி உண்டு. 2024-ல இருந்து தாசில்தாரே குடுக்கலாம். நன்செய்னா ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்னா 90, மண்பாண்டத்துக்கு 60. பானை செய்யுற வேளார் தெருவுல கேட்டுப் பாருங்க. நம்ம ஊரணியில மேல வண்டலோட நிறுத்தணும். அடியில இருக்கிற களிப் படுகைய வெட்டிட்டா அப்புறம் தண்ணி நிக்காது, செம்பராங்கல்லுக்குள்ள இறங்கிரும்.

மேலவீட்டு ஆச்சி: அன்னைக்கு நூறு நாள் வேலைக்காரவுகள உக்கார வச்சுக் கையெழுத்த வாங்கிட்டுக் கலைச்சு விட்ருவாக. அதுக்கு என்ன வழி?

டீச்சர் அக்கா: ஆச்சி, வருகைப் பதிவேடு வேற, தீர்மானப் புத்தகம் வேற. வருகைக்குக் கையெழுத்துப் போடலாம். தீர்மானப் புத்தகத்துல வெறும் பக்கத்துல யாரும் போடக் கூடாது. தீர்மானத்த அங்கயே எழுதி, சத்தமா வாசிச்சு, வரிக்குக் கீழ இடமில்லாமக் கோடு இழுத்த பிறகு போடணும். அந்தப் பக்கத்த ரெண்டு பேர் போட்டோ எடுங்க. படிவம் 30-ல வரவு செலவக் காட்டச் சொல்லுங்க, சிறுபாலம் எந்தக் கணக்குல கட்டினதுன்னு அதுல பாக்கணும்.

வக்கீல் அண்ணன்: அப்புறம் புத்தகத்துல வேற மாதிரி இருந்தா தகவல் உரிமைச் சட்டத்துல நகல் கேளுங்க. ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபா கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபா. 30 நாள்ல வரலைன்னா, அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு.

வள்ளி மேலத்தெரு: காரைக்குடி மாநகராட்சியானதும் சங்கராபுரம் மாதிரி ஊராட்சியெல்லாம் சேந்து, அங்க கிராம சபையும் போச்சு, நூறு நாள் வேலையும் போச்சு. நம்ம ஊரையும் சேக்கணும்னு பேசுறவுக இந்தக் கூட்டத்த ஒரு தடவை வந்து பாக்கட்டும்.

முத்து சென்னை: சரிண்ணே. அ-பதிவேடு, புலப்படம் ரெண்டும் இன்னைக்கு ராத்திரிக்குள்ள எடுத்து இங்க போடுறேன்.

டீச்சர் அக்கா: நம்பர் வந்ததும் மனு மூனு நகல்: தனி அலுவலர், தாசில்தார், இன்னொன்னு திங்கட்கிழமை சிவகங்கை குறைதீர் கூட்டத்துக்கு. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வள்ளியும் நானும் ஒன்றிய அலுவலகம் போறோம்.

சர்வேயர் மாமா: மட்டம் புடிக்கக் கொத்தனாருக்குச் சொல்லிட்டேன். சாயந்தரம் தெக்குச் சிறுபாலத்துக்கு ரெண்டு பேர் மண்வெட்டியோட வாங்க, குழாய் வாயில குப்பை அள்ளினாத்தான் அடி தெரியும்.