அறுபதாம் எண்ணுக்கு எந்த நாள்?

சுவடியாளர்:
"ஓடிஎஃப், ஓஓஎக்ஸ்எம்எல் இரண்டுமே ஐஎஸ்ஓ தரநிலைகள், எதில் சேமித்தாலும் ஒன்றுதான்" என்று கணக்கர் நேற்று எழுதியதைப் படித்துவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. லிபர் ஆபிஸ் போன்ற மென்பொருள்களின் கோப்பு வடிவமான ஓடிஎஃப், 2005இல் ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பில் தரநிலையாகி, 2006இல் பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் ஏற்பைப் பெற்றது. மற்றதோ, மைக்ரோசாஃப்டின் வேர்டு, எக்செல் கோப்புகளின் வடிவமான ஓஓஎக்ஸ்எம்எல், ஆறாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ஆவணமாக விரைவு வழியில் கொண்டுவரப்பட்டு, 2007 செப்டம்பர் வாக்கெடுப்பில் தோற்று, 2008 பிப்ரவரியில் ஜெனீவாவில் ஐந்தே நாள் கூடிப் பேசிய பிறகு, அந்த ஏப்ரலில் தேறியதாக அறிவிக்கப்பட்டது. இந்தியா இருமுறையும் எதிர்த்தே வாக்களித்தது. பின்னர் தென்னாப்பிரிக்கா, பிரேசில், வெனிசுவேலா ஆகியவற்றோடு சேர்ந்து மேல்முறையீடும் செய்தது.

இவை ஒருபுறம் இருக்கட்டும். எக்செல் நாள்களை, 1900 ஜனவரி முதல் நாளை ஒன்றாக வைத்து, வரிசை எண்களாகச் சேமிக்கிறது. அந்த ஆவணத்தின் முதல் வடிவம், அந்த வரிசையின் அறுபதாம் எண்ணாக 1900 பிப்ரவரி 29 என்று ஒரு நாள் இருந்ததாகக் கொள்ளும்படி விதித்தது. நூறால் வகுபட்டு நானூறால் வகுபடாத ஆண்டு லீப் ஆண்டு ஆகாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இல்லாத நாளை விதியாக எழுதி வைத்த ஒன்றைத் தரநிலை என்று எப்படி அழைக்கிறீர்கள்?

கணக்கர்:
அந்தப் பிழை எக்செல்லில் பிறந்தது அன்று, ஐயா. எக்செல்லுக்கு முந்தைய விரிதாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3இல் இருந்த கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டால்தான் பழைய தாள்கள் மாறாமல் திறக்கும் என்பதால் எக்செல் அதைத் தொடர்ந்தது. புழக்கத்தில் உள்ள கோப்புகளை உள்ளது உள்ளபடி விவரிப்பதே அந்தத் தரநிலையின் வேலை. நீங்கள் போற்றும் ஓடிஎஃப்பில் நாள் எண்ணிக்கையின் தொடக்கம் இயல்பாக எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? 1899 டிசம்பர் 30. அந்த விசித்திரமான நாளை ஏன் தேர்ந்தார்கள்? 1900 மார்ச் முதல் நாளிலிருந்து எக்செல்லின் எண்களோடு ஒத்துப்போவதற்காகவே. எங்கள் பிழையின் மேல் உங்கள் வீட்டையும் கட்டிவிட்டு எங்களைக் குறை சொல்கிறீர்கள்.

சுவடியாளர்:
ஓடிஎஃப் கோப்பில் நாள் என்பது 1900-03-01 என்று ஐஎஸ்ஓ 8601 முறையில், மனிதர் படிக்கும்படி எழுதப்படுகிறது. நீங்கள் சொல்லும் தொடக்க நாள் கூட்டல் கழித்தலுக்கு மட்டுமே பயன்படுகிறது. அது எந்தப் பொய் நாளையும் உருவாக்கவில்லை. உங்கள் முறையிலோ 1900 ஜனவரி முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை என்று வருகிறது. அது திங்கட்கிழமை. நான் கேட்பது ஒன்றே: அறுபதாம் எண்ணுக்கு எந்த நாள்?

வழிப்போக்கர்:
இருவரும் 'திறந்த தரநிலை' என்பதற்கு எதைப் பொருளாகக் கொள்கிறீர்கள் என்று முதலில் சொன்னால், படிக்கும் எங்களுக்கு உதவியாக இருக்கும். காப்புரிமைக் கட்டணம் இல்லாமையா, பலர் கூடி முடிவெடுப்பதா, பல மென்பொருள்களில் இயங்குவதா?

கணக்கர்:
பொருள் விளக்கம் பிறகு ஆகட்டும். ஜெனீவாவில் செய்த திருத்தத்தால் ஐஎஸ்ஓ 8601 நாள்களை அதிலும் எழுத முடியும் என்பதைச் சுவடியாளர் ஏன் மறைக்கிறார்? ஓடிஎஃப்பின் முதல் பதிப்பில் விரிதாள் சூத்திரங்களுக்கு இலக்கணமே இல்லை என்பதையும் மறைக்கிறார். 2011இல் 1.2 பதிப்பு வரும்வரை, கூட்டுத்தொகையை எப்படி எழுதுவது என்றுகூடச் சொல்லாத விரிதாள் தரநிலை அது.

சுவடியாளர்:
எதையும் மறைக்கவில்லை. எழுத முடியும் என்பது வேறு, எழுதுகிறது என்பது வேறு. பழைய வழக்கங்களை நீக்கிய 'கண்டிப்பான' வடிவில் சேமிக்கும் வசதியே எக்செல்லின் 2013 பதிப்பில்தான் வந்தது. இன்றும் இயல்பாகச் சேமிக்கப்படுவது, பழையவற்றை விட்டுவைத்திருக்கும் 'இடைக்கால' வடிவம்தான்.

இது எனக்கு ஏட்டுச் சண்டை அன்று. ஒரு தேவாலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை நான்கு மாதம் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். 1900 பிப்ரவரி 14 என்று எக்செல்லில் உள்ளிட்ட நாள், நண்பர் லிபர் ஆபிஸில் திறந்தபோது பிப்ரவரி 13 என்று நின்றது. அவ்வாண்டின் முதல் இரண்டு மாதப் பதிவுகள் அனைத்தும் ஒவ்வொரு நாள் பின்னே போயிருந்தன. பிறந்த நாளை மாற்றிக் காட்டும் கோப்பை நம்பி எந்தக் குடும்பம் தன் வரலாற்றைத் தேடும்?

கணக்கர்:
நீங்களே உண்மையைச் சொல்லிவிட்டீர்கள். நாற்பத்தைந்து என்றால் பிப்ரவரி 14 என்று தரநிலை தெளிவாகச் சொல்கிறது. அதை 13 என்று படித்தது உங்களுக்குப் பிடித்த மென்பொருள். விதியை மீறியவரை விட்டுவிட்டு விதியை எழுதியவரைத் தண்டிக்கிறீர்கள்.

சுவடியாளர்:
அந்த விதிக்குக் கீழ்ப்படிய வேண்டுமானால், அறுபது என்பது பிப்ரவரி 29 என்றும் ஒப்புக்கொண்டாக வேண்டும். பொய்க்கு உடன்படாதது குற்றமா?

மட்டக்களப்பு வாசகி:
எங்கள் ஊர் வாசிகசாலையின் பழைய கோப்புகள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் உள்ளன. அவற்றை ஓடிஎஃப்பில் சேமித்தாலும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரிகின்றன. யூனிகோடுக்கு மாற்றாமல் கோப்பு வடிவத்தைப் பற்றி மட்டும் பேசுவதால் எங்களுக்கு என்ன பயன்?

கணக்கர்:
இதைச் சுவடியாளரிடமே கேளுங்கள், அக்கா. மூன்று மாதங்களுக்கு முன் அவர் இங்கே பகிர்ந்த சிற்றிதழ் அட்டவணை பாமினியில்தான் இருந்தது. சுட்டிக்காட்டிய என்னை, நன்றி கெட்டவன் என்றார்.

சுவடியாளர்:
நன்றி கெட்டவர் என்று நான் சொன்னது, இரண்டாயிரம் பதிவுகளைத் தொகுத்தவரின் உழைப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் எழுத்துருவை மட்டும் இகழ்ந்ததற்காக. அந்த அட்டவணையை அடுத்த வாரமே யூனிகோடுக்கு மாற்றிவிட்டேன். அதைப் பதிவிறக்கி வைத்திருப்பவர்களுள் நீங்களும் ஒருவர். வாசகி சொல்வது நியாயமான கவலை, தனி இழையில் பேசுவோம். இங்கே கேள்வி ஒன்றுதான்.

கணக்கர்:
சூத்திரங்களைப் பற்றி நான் கேட்டதற்கு விடை வரவில்லை. 2006 முதல் 2011 வரை ஓடிஎஃப் தாளில் கூட்டுத்தொகையை எந்த விதிப்படி எழுதினீர்கள்?

சுவடியாளர்:
அறுபதாம் எண்ணுக்கு எந்த நாள் என்று நீங்கள் சொன்ன பிறகு அதைச் சொல்கிறேன். பதிவேட்டை ஓடிஎஃப்பில் முதலிலிருந்து மறுபடியும் உள்ளிடத் தொடங்கியிருக்கிறேன். இன்று காலை 1900 மார்ச் வரை வந்துவிட்டேன். பிப்ரவரி 28க்கு அடுத்த வரியில் மார்ச் 1 இருக்கிறது.