பி.எட். முடித்து இங்கிலாந்து வந்திருக்கும் ஆசிரியர்களுக்கு

"அக்கா, ஊரில் பி.எட். முடித்து எட்டு வருஷம் மேத்ஸ் எடுத்தேன். இங்கே மறுபடியும் முதலிலிருந்து படிக்கணுமா?" புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். அவரவர் கையில் இருப்பதைப் பொறுத்துப் பதில் மாறும். ஆனால் யாரும் அவசரப்பட்டு பி.ஜி.சி.இ. என்ற இங்குள்ள ஓராண்டு ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்குப் பணம் கட்டிவிடாதீர்கள் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பது ஆண்டு கணிதம் எடுத்தவள். 2021-இல் குடும்பத்தோடு லெஸ்டருக்கு வந்தோம். இங்கே அரசு பராமரிக்கும் பள்ளிகளில் முழுத் தகுதியுள்ள ஆசிரியராக இருக்க 'கியூ.டி.எஸ்.' என்ற தகுதி வேண்டும். முன்பெல்லாம் நம் பி.எட்.டைக் காட்டி நேரடியாக அதை வாங்க வழியில்லை. 2023 பிப்ரவரியில்தான் இந்தியாவில் பயிற்சி பெற்றவர்களுக்கும் நேரடி விண்ணப்பம் திறந்தது. 11 முதல் 16 வயது வரையுள்ள மாணவர்களுக்குக் கணிதம், அறிவியல், மொழிகள் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர்களுக்கு என்று அப்போது வரையறுத்திருந்தார்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்த நேரடி விண்ணப்பத்துக்குப் பட்டம் வேண்டும், குறைந்தது ஒரு கல்வியாண்டு நீண்ட ஆசிரியர் பயிற்சி வேண்டும், அதன்பின் ஓராண்டாவது பாடம் எடுத்த அனுபவம் வேண்டும். பி.எட். இரண்டு வருஷமாக மாறிய 2015-க்கு முன், ஒரு வருஷப் படிப்பாக முடித்தவர்கள் இதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆங்கிலத்துக்கு பி2 நிலை, அதாவது ஐரோப்பிய மொழி அளவுகோலில் இடைநிலைக்குச் சற்று மேல், கேட்பார்கள். இதில் எதுவும் பெரிய சிக்கல் இல்லை. இழுத்தடிப்பது ஒரு கடிதம்தான்: நீங்கள் ஆசிரியராகப் பணிபுரியத் தடை எதுவும் இல்லை என்று ஊரில் உள்ள அதிகாரப்பூர்வ அமைப்பு தரும் கடிதம். இந்தியாவில் ஆசிரியர்களுக்கென்று ஒரே தேசியப் பதிவேடு கிடையாது. அதனால் எந்த அலுவலகத்தில் வாங்குவது என்று தெரியாமல் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். எந்த அலுவலகத்தின் கடிதத்தை ஏற்பார்கள் என்று முதலில் தளத்தில் பார்த்துவிட்டு, அப்புறம் ஆளை அனுப்புங்கள். இன்னும் விமானம் ஏறாதவர்கள் பழைய பள்ளியின் அனுபவச் சான்றிதழையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

இனிஷியலையும் கவனியுங்கள். மதிப்பெண் பட்டியலில் ஓரெழுத்து இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் என்று நம் ஊர்க்காரர்களுக்கு மூன்று பெயர் இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று இங்கே யாருக்கும் தானாகப் புரியாது. நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், வணிகவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள், நேரடி வழிக்குள் வராத நாட்டில் பயின்றவர்கள் என்ன செய்வது? வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர்கள் கியூ.டி.எஸ். இல்லாமலேயே நான்கு ஆண்டு வரை அரசு பராமரிப்புப் பள்ளிகளில் பாடம் எடுக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அந்தக் கணக்கு நீங்கள் முதன்முதலாகப் பாடம் எடுத்த நாளில் தொடங்கும். நடுவில் பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாலும் அது நிற்காது. ஆகவே அந்த நான்கு ஆண்டுக்குள், ஏற்கெனவே கற்பித்த அனுபவம் உள்ளவர்களை வகுப்பிலேயே மதிப்பிட்டுத் தகுதி தரும் வழியையோ, சம்பளத்தோடு பயிற்சி தரும் பள்ளியையோ தேடிப் பிடியுங்கள். இலங்கையிலிருந்து கல்வியியற் கல்லூரி டிப்ளமோவோடு மட்டும் வந்திருக்கிறவர்கள் முதலில் பட்டத்தை முடிக்க வேண்டியிருக்கும். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் போகிறவர்களுக்குப் பதிவு முறையே வேறு. இங்கே வாங்கியதை அப்படியே அங்கே காட்டி வேலைக்குச் சேர முடியாது.

இது காகித வேலை. எனக்குக் கஷ்டமாக இருந்தது வகுப்பறைதான்.

வந்த புதிதில் ஒரு பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தேன். சில மாதம் கழித்து எட்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு பாடம் எடுக்கச் சொன்னார்கள். நம் ஏழாம் வகுப்பு வயதுப் பிள்ளைகள். எளிய சமன்பாடு. பலகையில் மூன்று கணக்கு போட்டுக் காட்டினேன், "புரிஞ்சுதா?" என்று கேட்டேன், "எஸ் மிஸ்" என்றார்கள். திருப்தியோடு அடுத்ததுக்குப் போகப் பார்த்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த துறைத் தலைவர் எழுந்து வந்து ஆளுக்கொரு சின்ன வெள்ளைப் பலகையை எடுக்கச் சொன்னார். 3x + 5 = 20 என்று எழுதினார். முப்பது நொடியில் எல்லாரும் பலகையைத் தூக்கிக் காட்டினார்கள். இருபத்தெட்டுப் பேரில் பதினொரு பேர் 3x = 25 என்று எழுதியிருந்தார்கள். ஐந்தைக் கழிக்காமல் கூட்டியிருக்கிறார்கள். அந்தப் பதினொரு பேரும் சற்று முன் "எஸ் மிஸ்" சொன்னவர்கள்தான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊரில் பி.எட். லெசன் பிளானில் கடைசியாக மதிப்பீடு என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் இரண்டு கேள்வி எழுதி, மேற்பார்வையாளர் வந்தால் நன்றாகப் படிக்கிற பிள்ளையை எழுப்பிப் பதில் சொல்ல வைத்தோமே, அது நினைவுக்கு வந்தது. இங்கே பாடமே அந்தக் கட்டத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் மண்டையிலும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், பார்த்ததற்கு ஏற்ப அடுத்த பத்து நிமிஷத்தை மாற்ற வேண்டும். பாடத்தை அழகாக நடத்துவதில் நம் ஆட்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. நேர்காணலில் மாதிரிப் பாடம் எடுக்கச் சொல்லும்போது தோற்றுப் போவது இந்த இடத்தில்தான் என்பது நான் பார்த்தது.

அதே பி.எட்.டில் கற்ற இன்னொன்று எனக்குக் கைகொடுத்தது. ஒரே ஒரு கற்பித்தல் திறனைச் சின்னப் பாடமாக எடுத்துப் பழகும் மைக்ரோ டீச்சிங் ஞாபகம் இருக்கிறதா? ஆறு நிமிஷம் பாடம், ஆறு நிமிஷம் கருத்து, பன்னிரண்டு நிமிஷம் திருத்தி எழுதுவது, மறுபடி ஆறு நிமிஷம் பாடம், ஆறு நிமிஷம் கருத்து. மொத்தம் 36 நிமிஷம். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த முறையை நம் வகுப்பறைக்குத் தக்கபடி இப்படி நேரம் பிரித்து வைத்தார்கள். இங்கே வழிகாட்டி ஆசிரியர் வாரம் ஒரு சின்னத் திறனை மட்டும் எடுத்துக்கொண்டு, "கேள்வி கேட்டபின் மூன்று நொடி பொறு, அப்புறம் பெயரைச் சொல்" என்று பழக்குவார். கேட்டவுடனே எனக்கு அது நம்ம மைக்ரோ டீச்சிங்தான் என்று புரிந்துவிட்டது. அதனால் நேர்காணலில் பி.எட். படித்தேன் என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். எந்தத் திறனை எப்படிப் பயிற்சி செய்தீர்கள், கருத்து கேட்டு எதை மாற்றினீர்கள் என்று விளக்கிச் சொல்லுங்கள். அது அவர்களுக்குப் புரிகிற பேச்சு.

பாடச் சொற்களைத் தனியாக ஒரு நோட்டில் எழுதிப் பழகுங்கள். ஒரு பையன் "பஸ் ஸ்டாப் போடலாமா மிஸ்?" என்றபோது நான் முழித்தேன். வகுத்தல் கணக்கு போடும் முறைக்கு இங்கே அதுதான் பெயர். லட்சம், கோடி நாக்கில் வரவே கூடாது.

பி.எட்.டில் எங்களுக்கு யாரும் சொல்லித்தராத ஒன்று பிள்ளைகளின் பாதுகாப்பு. ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து, "மிஸ், ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றால், நம் மனசு உடனே "சரிம்மா" என்று சொல்லத் துடிக்கும். சொல்லக் கூடாது. "நீ பத்திரமா இருக்க யாராவது உதவணும்னா, அவங்ககிட்ட நான் சொல்லித்தான் ஆகணும்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். துருவித் துருவிக் கேட்கக் கூடாது. பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, அன்றைக்கே பள்ளியில் அதற்கென்று இருக்கும் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். குடும்பத்தோடு பேசித் தீர்க்கலாம் என்று நாமே போகக் கூடாது. பள்ளிகளுக்கு இதற்கென்று அரசு தரும் வழிகாட்டி ஆவணத்தின் முதல் பகுதியைப் பிள்ளைகளோடு நேரடியாக வேலை செய்கிற எல்லாப் பணியாளர்களும் படித்தாக வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே படித்துவிடுங்கள், இணையத்தில் இலவசம். நேர்காணலில் இதைப் பற்றிக் கட்டாயம் ஒரு கேள்வி வரும்.

காலக்கணக்கும் வேறு. ஊரில் ஜூன் மாதம் பள்ளி திறக்கும், இங்கே செப்டம்பர். செப்டம்பரில் வேறு பள்ளிக்குப் போகிற ஆசிரியர்கள் மே 31-க்குள் ராஜினாமா கொடுத்தாக வேண்டும். அதனால் பிப்ரவரியிலிருந்து மே வரைதான் காலியிட விளம்பரங்கள் குவியும். குளிர்காலத்தில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் உதவியாளர் வேலைக்கோ, ஆசிரியர் வராத நாளில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கோ பக்கத்துப் பள்ளிகளில் எழுதிப் போடுங்கள். ஒரு பருவம் உள்ளே இருந்து பார்த்தபின், பி.ஜி.சி.இ. தேவையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்படியும் படிக்கத்தான் வேண்டும் என்றால், கட்டணம் உள்ளூர் மாணவர் கணக்கிலா வெளிநாட்டு மாணவர் கணக்கிலா என்று பல்கலைக்கழகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.